மூலைக்கு ஒருத்தி

மூன்றாவது மாடி எலும்பு வார்டின் இரவு நர்ஸுக்கு ஸ்பீக்கர் என்று பெயர். பெற்றவர்கள் வைத்ததல்ல, ஆஸ்பத்திரி வைத்தது. வார்டில் நின்றபடி “டிரிப்ஸ் தீர்ந்துபோச்சு, யாரு பாக்குறா?” என்று அவள் கேட்டால், தரைத்தளத்து மருந்துக்கடைக்காரர் “நான் பாக்கல” என்று பதில் சொல்வார். அப்படி ஒரு குரல். அதை வைத்துக்கொண்டு கட்டின புருஷனிடம் நாலு வார்த்தை பேச வழியில்லையே என்பதுதான் அவளுக்கு இருந்த ஒரே குறை.

புருஷன் பஸ் ஓட்டுநர். விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுவார். அவர் வீடு திரும்பும்போது இவள் டியூட்டிக்குப் போயிருப்பாள். வார லீவாவது ஒரே நாளில் வந்து தொலையுமா என்றால் அதுவும் கிடையாது. இருவரும் முகம் பார்த்துக்கொள்ளும் ஒரே இடம் அவருடைய பஸ்தான். காலையில் டியூட்டி முடிந்து ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் ஏறி, அவருக்குப் பின் சீட்டில் உட்காருவாள். அவர் கண்ணாடியில் பார்ப்பார், இவளும் பார்ப்பாள். பேசலாம் என்று வாயைத் திறந்தால் எதிரே போர்டு: ‘ஓட்டுநருடன் பேசாதீர்கள்.’ என்ன அநியாயம் பாருங்கள்! காலேஜ் போகிற மகளை வைத்துக்கொண்டு, சொந்தப் புருஷனைக் கண்ணாடியில் திருட்டுத்தனமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. “உங்களுது லவ் மேரேஜ்னு சொன்னப்ப நம்பல. இப்ப நம்புறேன்” என்று மகள் வேறு வாரினாள்.

அதனால் ஸ்பீக்கருக்கு வேண்டியதெல்லாம் பகல் டியூட்டி. சாயங்காலம் வீட்டில் விளக்கைப் போட்டு, அவர் வருகிறாரா என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கேட்டுக் கேட்டு அலுத்துப்போயிருந்தாள்.

அப்படி இருக்கும்போதுதான் நிர்வாக அதிகாரி நர்ஸுகளை மட்டும் கூப்பிட்டு, காபி கொடுத்து, தேனாகப் பேசினார். சீனியர் நர்ஸுகளுக்கு இனி நிரந்தரமாகப் பகல் டியூட்டியாம். ஒரே ஒரு சின்ன விஷயம், நர்ஸுகள் பொதுச் சங்கத்தை விட்டு விலகித் தனியாக ஒன்று வைத்துக்கொள்ள வேண்டும். வார்டு உதவியாளர்கள், துப்புரவுக்காரர்கள், சமையல்காரர்கள் எல்லாரையும் காண்ட்ராக்ட்காரர் கையில் கொடுக்கப் போகிறார்கள். “அவங்க பிரச்சனை வேற, உங்க பிரச்சனை வேற. நீங்க படிச்சவங்க” என்றார். படித்தவர்களுக்குப் புரிந்தது. காண்ட்ராக்ட் என்றால் பழைய ஆட்கள் வீட்டுக்கு, புது ஆட்கள் பாதிச் சம்பளத்துக்கு.

வீட்டுக்குப் போகிறவர்களில் வார்டு உதவியாளர் கிரேனும் ஒருத்தி. கிரேன் என்றதும் ஆஜானுபாகுவாக ஒருத்தியை நினைத்துக்கொள்ள வேண்டாம். ஊதினால் பறந்துவிடுவாள். ஆனால் எப்பேர்ப்பட்ட நோயாளியையும் கட்டிலிலிருந்து ட்ராலிக்கு மாற்றும்போது ஒரு மூலையில் அவள் நின்றாக வேண்டும். இரவு வார்டில் ஸ்பீக்கருக்கு அவள்தான் வலது கை. நோயாளிகள் முன்னால் “சிஸ்டர்” என்பாள், ஆள் இல்லாவிட்டால் “அக்கா” என்பாள், கோபம் வந்தால் எதுவும் சொல்லாமல் தண்ணீர்க் குடத்தை டங்கென்று வைப்பாள்.

இதை முடிவு செய்ய நர்ஸுகள் கூடவிருந்த கூட்டத்துக்கு முந்தைய டியூட்டியில் குடம் டங்கென்று விழும் விழும் என்று ஸ்பீக்கர் காத்திருந்தாள். விழவே இல்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

“உனக்கு விஷயம் தெரியுமாடீ?” என்று கடைசியில் அவளே கேட்டாள்.

“தெரியாம என்ன? ஆஸ்பத்திரி பூரா அதே பேச்சுதான்.”

“நான் என்ன பண்றது, சொல்லு.”

கிரேன் போர்வையை உதறி மடித்தாள். “போய் கையைத் தூக்குக்கா. மாமா மூஞ்சிய நேருக்கு நேரா பாத்து எத்தனை காலமாச்சு? நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன். வேற எங்கயாவது வேலை கெடைக்காமலா போயிடும்?” என்றாள். பிறகு, “ஒண்ணுதான் பயம். வீட்ல நாள் பூரா மாமியாரோட இருக்கணுமே! நைட் டியூட்டியில இருக்கிறதால மருமகளா இன்னும் உயிரோட இருக்கேன்” என்று சிரித்தாள்.

அவள் சம்பளத்தில்தான் அந்த வீட்டு அடுப்பு எரிகிறது என்பது ஸ்பீக்கருக்குத் தெரியும். இருந்தும் மனதைக் கல்லாக்கிக்கொண்டாள். ஆமாம், கையைத் தூக்கத்தான் போகிறேன், எனக்கும் ஒரு வாழ்க்கை உண்டு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தப்பென்று சொல்ல நீங்களும் நானும் யார்?

காலையில் டியூட்டி கைமாறியதும் வார்டு ஓரத்திலிருந்த உடை மாற்றும் அறையில் நர்ஸுகளின் கூட்டம் ஆரம்பித்தது. அதே நேரத்தில் உதவியாளர்கள் கீழே சலவைக்கூடத்து முற்றத்தில் தங்கள் கூட்டத்தைப் போட்டிருந்தார்கள். மேலே, தனிச் சங்கத்தை ஆதரிக்கிறவர்கள் கையைத் தூக்குங்கள் என்று கேட்கப்போகும் சமயத்தில் பகல் நர்ஸ் ஓடிவந்தாள்.

“ஸ்கேன் ரூம்லேர்ந்து கூப்பிட்டுட்டாங்க. பேக்கரிக்காரரை ட்ராலிக்கு மாத்தணும். உதவிக்கு ஒருத்தர்கூட இல்ல!”

பேக்கரிக்காரர் முழங்கால் ஆபரேஷனுக்கு வந்தவர். தன் கடைக்குத் தானே விளம்பரம் மாதிரி நல்ல சரீரம். படுத்திருந்தால் கட்டில் தெரியாது.

“நாலு பேர் வாங்க, அஞ்சு நிமிஷத்துல முடிச்சிட்டு வந்துடலாம்” என்று ஸ்பீக்கர் கிளம்பினாள். அவளோடு வேறு வேறு வார்டுகளிலிருந்து மூன்று சீனியர்கள் வந்தார்கள். நால்வரும் கைதேர்ந்தவர்கள். வேலை சாதாரணம். நோயாளிக்கு அடியில் இருக்கும் விரிப்பை நாலு மூலையிலும் நாலு பேர் பிடித்து, எண்ணிக்கை சொல்லி, ஒரே சமயத்தில் ட்ராலிப் பக்கம் நகர்த்த வேண்டும். அவ்வளவுதான்.

நால்வரும் போய்த் தலைமாட்டில் நின்றார்கள்.

நர்ஸ் எப்போதும் தலைப்பக்கம்தான் நிற்பாள், குழாய், டிரிப்ஸ் எல்லாம் அங்கே இருப்பதால். கால்பக்கம் உதவியாளர்களுடையது. பழக்கம் காலைக் கொண்டுபோய் அங்கே நிறுத்திவிட்டது. நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்து முழித்தார்கள். பிறகு “நீ போ”, “நீயே போயேன்” என்று இரண்டு பேர் கால்பக்கம் போனார்கள்.

“ஒண்ணு, ரெண்டு, மூணு!” என்றாள் ஸ்பீக்கர்.

குழந்தைகள் வார்டுக்காரி ‘மூணு’ என்னும்போதே இழுத்தாள். அங்கே அதுதான் வழக்கம். அவசரப் பிரிவுக்காரி ‘மூணு’ முடிந்த பிறகு ‘தூக்கு’ என்று சொல்வார்கள் என்று காத்திருந்தாள். பிரசவ வார்டுக்காரி, பழக்க தோஷத்தில், பேக்கரிக்காரரைப் பார்த்து “மூச்சை நல்லா இழுத்து விடுங்கம்மா” என்றாள்.

பேக்கரிக்காரர் இம்மியும் அசையவில்லை. அவருடைய தலையணை மட்டும் ட்ராலிக்குப் போய்ச் சேர்ந்தது.

“ஏம்மா, மொதல்ல நீங்க நாலு பேரும் ஒரு முடிவுக்கு வாங்க. அப்புறம் நான் வரேன்” என்றார் அவர். பக்கத்துக் கட்டில்காரர் கட்டுப்போட்ட கையோடு விழுந்து விழுந்து சிரித்தார்.

“இவங்க எல்லாம் எங்க போய்த் தொலைஞ்சாங்க!” என்று ஸ்பீக்கர் கத்தினாள். அது சலவைக்கூடத்து முற்றத்துக்கும் கேட்டது. இரண்டிரண்டு படியாகத் தாவிக்கொண்டு கிரேன் வந்து நின்றாள், பின்னாலேயே துப்புரவு அண்ணன். ஒருவரும் ஒரு பேச்சும் பேசவில்லை. இருவரும் கால்பக்கம் இரண்டு மூலையைப் பிடித்தார்கள். ஸ்பீக்கரும் இன்னொருத்தியும் தலைப்பக்கம். கிரேன் “ம்” என்றாள். பேக்கரிக்காரர் ட்ராலியில் இருந்தார்.

“அட, இதுக்கா இவ்வளவு நேரம்?” என்றார் அவர்.

வார்டே கைதட்டியது. அவசரப் பிரிவுக்காரி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஸ்பீக்கருக்கும் கண்ணில் நீர் முட்டும் வரை சிரிப்பு வந்தது. ஆனால் முட்டிய நீர் சிரிப்போடு நிற்கவில்லை. ட்ராலியைத் தள்ளிக்கொண்டு போகும் கிரேனின் முதுகைப் பார்த்தபோது அவளுக்கு ஒன்று உறைத்தது. பகல் டியூட்டியை அவள் எத்தனையோ தடவை மனதில் பார்த்து வைத்திருந்தாள். ஜன்னலில் வெயில், வார்டு நிறைய வெளிச்சம், இவள் கட்டிலின் ஒரு பக்கம். எதிர்ப்பக்கம்? எதிர்ப்பக்கம் எப்போதும் கிரேன்தான் நின்றாள். அவள் இல்லாத பகலை இவள் ஒரு தடவைகூட நினைத்துப் பார்த்ததே இல்லை.

அறைக்குத் திரும்பியதும் ஸ்பீக்கர் பெஞ்சின் மேலேயே ஏறி நின்றுவிட்டாள்.

“எனக்குப் பகல் டியூட்டி வேணும். இங்க யாரவிடவும் எனக்குத்தான் அதிகமா வேணும்” என்றாள். “ஆனா அந்தப் பொண்ணோட வேலையைப் பிடுங்கி எனக்குக் குடுக்கிறதா இருந்தா, அந்த ஆள் குடுத்த காபியோட அதையும் அவரே வச்சுக்கட்டும். என்னால முடியாது. மத்தவங்க உங்க இஷ்டம்.”

குழந்தைகள் வார்டுக்காரி முதலில் “எனக்கும் வேணாம்” என்றாள். பிரசவ வார்டுக்காரி, “அந்தத் தலையணையைப் பாத்தப்பவே எனக்கு முடிவு தெரிஞ்சுபோச்சு” என்றாள். ஆதரவாக ஒரு கைகூட எழவில்லை.

ஆனால் பஸ்ஸில் ஏறியபோதுதான் ஸ்பீக்கருக்குப் புருஷன் ஞாபகம் வந்தது. இதை எப்படிச் சொல்வது? அவரும்தானே காத்திருந்தார்? கண்ணாடியில் அவர் புருவத்தை உயர்த்தி ‘என்ன ஆச்சு’ என்று கேட்டார். போர்டாவது கீர்டாவது என்று அவள் வாயைத் திறந்தாள்.

“பகல் டியூட்டி வேணாம்னு சொல்லிட்டேங்க!”

கடைசி சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவர்கூட எழுந்துவிட்டார். சிக்னலில் பஸ் நின்றதும் ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார்.

“ஏன்?”

“கிரேனுக்கு வேலை போயிடும்.”

சொல்லும்போதே அவள் கண் நிறைந்துவிட்டது. “அதுக்கு எதுக்கு அழற? சரியாத்தானே செஞ்சிருக்க” என்றார்.

“அக்கா, போர்டு, போர்டு” என்றார் கண்டக்டர்.

அதோடு நிர்வாக அதிகாரி விட்டுவிட்டாரா? மாட்டாரே. ஆனால் இப்போது சங்கமும் விடவில்லை. காண்ட்ராக்ட் கூடாது, நர்ஸோ துப்புரவுக்காரரோ, இரவுக்காரர் எல்லாருக்கும் மாதத்தில் ஒரு வாரம் பகல் டியூட்டி தர வேண்டும் என்று கேட்டார்கள். டியூட்டி முடிந்தவர்கள் வீட்டுக்குப் போகாமல் அவர் அலுவலகப் படிக்கட்டில் அரை மணி நேரம் உட்கார்ந்து கதை பேசினார்கள். நர்ஸ் பக்கத்தில் சமையல்காரர், லேப்காரர் பக்கத்தில் சலவைக்காரர். தினமும் “கொஞ்சம் வழி விடுங்க, கொஞ்சம் வழி விடுங்க” என்று படி படியாகக் கேட்டு ஏறுவதற்குள் மனிதருக்கு விழி பிதுங்கியது. ஸ்பீக்கர் சிரிக்கும் சத்தத்தில் அவருக்குப் போனும் பேச முடியவில்லை.

பேச்சுவார்த்தையில் கடைசியாக ஒரு முறை அவர் இவர்களைப் பிரிக்கப் பார்த்தார். நேராகக் கிரேனைப் பார்த்து, “நர்ஸுங்க கேக்குறாங்க, சரி. உனக்கு எதுக்கும்மா பகல் டியூட்டி? நெஜமா உனக்கு வேணுமா?” என்று கேட்டார்.

ஸ்பீக்கர் சட்டென்று கிரேனைத் திரும்பிப் பார்த்தாள். கிரேனோ கண்ணைக்கூட இமைக்காமல், “எத்தனை நாள் ஆசை சார்! சாயங்காலம் வீட்ல எங்க மாமியாரோட உக்காந்து பேசணும்” என்றாள்.

ஸ்பீக்கர் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டு மேஜைக்கடியில் அவள் கையைப் பிடித்தாள். காண்ட்ராக்ட் கிடையாது, மாதத்தில் ஒரு வாரம் எல்லாருக்கும் பகல் டியூட்டி என்று அந்த வாரமே ஒப்பந்தம் கையெழுத்தானது.

ஸ்பீக்கரின் முதல் பகல் வாரம் வந்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து முகம் கழுவி, நல்ல உடையாக உடுத்திக்கொண்டாள். சமைத்தாள். விளக்கைப் போட்டாள். ஓட்டுநர் உள்ளே வந்து அவளைப் பார்த்ததும் வேறு யார் வீட்டுக்கோ வந்துவிட்டவர் மாதிரி தயங்கி நின்றார். “வாங்க” என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. மகள் சிரித்துக்கொண்டே தன் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்விட்டாள்.

எதிரும் புதிருமாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். எத்தனை வருஷத்துப் பேச்சு பாக்கி! எதில் ஆரம்பிப்பது? அவள் இன்னும் கொஞ்சம் பரிமாறிவிட்டு நிமிர்ந்தபோது, பகல் முழுக்க பஸ் ஓட்டிய மனிதர் கையில் தம்ளரோடு உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். அவள் தம்ளரை மெதுவாக வாங்கினாள். அவர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

“நாளைக்கும் இருப்பியா?”

“இந்த வாரம் பூரா இருப்பேன்.”

“அப்ப நாளைக்குப் பேசிக்கலாம்” என்று சொல்லிவிட்டு, அவர் மறுபடி நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார்.