லைப்ரரியம்மா வளர்த்த பாம்பு

லைப்ரரியம்மாவின் கணவர் முடிவெட்டுபவர். கடையில் நாளெல்லாம் கத்தரி பிடித்த கை வீட்டுக்கு வந்தாலும் சும்மா இருக்காது. பின்கட்டுப் புல்லை மெஷின் போட்டது போல ஒட்ட வெட்டுவார். செம்பருத்திக்குக் காதோரம் ஒதுக்குவார். மொட்டு விடும் நேரமாகப் பார்த்து மொட்டை போட்டுவிடுவார். பூவே இல்லாத தோட்டத்தில் பட்டாம்பூச்சிக்கு என்ன வேலை?

நூலகத்தில் தோட்டப் புத்தகங்களை அடுக்கி அடுக்கியே அவளுக்கு ஆசை முற்றிப்போயிருந்தது. சுவரோர மூலைக்கு ஒரு நோட்டில் படம் போட்டாள். பின்னால் எருக்கு, நடுவில் எலுமிச்சை, முன்னால் சாமந்தி. புழு தின்ன இலை, பட்டாம்பூச்சி குடிக்கத் தேன், தேரை ஒதுங்கக் கல் இடுக்கு. நட்டும் முடித்தாள்.

"ஏங்க, இந்த மூலையை மட்டும் விட்டுடுங்களேன்."

"தாராளமா. லேசா ஓரம் மட்டும் எடுத்துவிடறேன்."

அவர் லேசாக எடுத்ததில் எருக்கு கணுக்கால் உயரத்துக்கு வந்து நின்றது.

ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பார்த்தாள். பலிக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை மூலையிலிருந்து மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"ஏங்க, பாம்பு!"

"ஐயோ, கடிச்சுதா?"

"இல்ல. பாத்துச்சு."

அன்றோடு கத்தரி அந்தப் பக்கம் போகவில்லை. இவ்வளவு சுலபமா என்று அவளுக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. ஆனாலும் பாம்பைப் பட்டினி போடாமல் வாரம் ஒருமுறை ஒரு சங்கதி சொல்லி வளர்த்தாள். முதலில் பழுப்பாக இருந்தது ஒருநாள் பச்சையானபோது, "அன்னிக்குப் பழுப்புன்னியே?" என்றார் கணவர்.

"சட்டையை உரிச்சிருக்கும்ல?" என்று சமாளித்தாள்.

மூன்று மாதத்தில் மூலை புதராகச் செழித்தது. எருக்கில் வரிவரியான புழுக்கள், சாமந்தி மேல் மஞ்சள் சிறகுகள், கல்லிடுக்கில் குண்டுத் தேரை ஒன்று. அவள் தினமும் சாயங்காலம் போய் உட்கார்ந்துவிட்டு வருவாள்.

அப்படி இருக்கையில் ஒருநாள் கணவர் பாம்பு பிடிப்பவரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்து நின்றார். வந்தவர் கோலால் ஒவ்வொரு இலையாக விலக்கினார். கணவர் குடிதண்ணீர் எடுக்க உள்ளே போன சமயம் பார்த்து அவள் கிசுகிசுத்தாள்.

"அண்ணே, தேடாதீங்க. பாம்பெல்லாம் இல்ல. நான்தான் சும்மா சொன்னேன்."

"அது தெரியும்மா. ஆனா இதைப் பாருங்க."

எலுமிச்சைக் கிளையில் கிண்ணம் போல ஒரு குருவிக்கூடு. உள்ளே மூன்று முட்டை. முட்டைக்கு மெத்தையாகக் கறுப்பு, நரை, நடுவில் செம்பட்டைச் சாயம் என்று கலந்துகட்டிய மயிர்த்துணுக்குகள்! அந்தச் சாயத் தலை ஊரில் ஒருவருக்குத்தான் உண்டு: எதிர்வீட்டு ஹெட்மாஸ்டருக்கு.

சொம்போடு வந்த கணவர் திருதிருவென விழித்தார். "கடையில கூட்டினது... நல்ல மெத்துனு இருக்குமேன்னு கொஞ்சம் பொடியா நறுக்கி இங்க போட்டு வெச்சேன்."

"பாம்பு இருக்கற இடத்துக்கா வந்தீங்க?"

"எந்தப் பாம்பு? தினமும் செருப்பைக் கழட்டிட்டு வெறுங்காலோட உள்ள போற நீ. ரெண்டாவது வாரமே தெரிஞ்சுபோச்சு."

"அப்புறம் இவரை எதுக்குக் கூப்பிட்டீங்க?"

"நீ எவ்வளவு தூரம் தாக்குப்பிடிக்கறேன்னு பாக்கத்தான்."

"எனக்கு முடி வெட்ட வேண்டியிருந்தது, வந்தேன்," என்றார் பாம்பு பிடிப்பவர். தன் பங்குக்கு அவர் சிரித்த சிரிப்பில் குருவி கூட்டைச் சுற்றி வட்டமடித்துக் கத்தியது. மூவரும் வாயைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினார்கள்.

அன்றைக்கே நோட்டை விரித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்கள். கடையில் விளிம்பு உடைந்து கிடந்த தலைகழுவும் தொட்டியைக் குளமாகப் புதைக்கலாம் என்றார் அவர். அவளுக்கும் பிடித்துப்போனது. ஆனால் அது எலுமிச்சைக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்பதில் சண்டை மூண்டது. இருட்டும் வரை ஓயவில்லை. கடைசியில் அவர் ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமுமாகக் குழி தோண்டத் தொடங்கினார்கள்.