அக்கா பட்டமும் அறுபத்தைந்து அங்குலமும்

1

ஒரு டிவி பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறியபோதுதான் இந்தக் கதை எனக்குக் கிடைத்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். தூக்கியதற்குக் கூலியாக வந்தவை இரண்டு: ஒன்று இந்தக் கதை, மற்றது முதுகுப் பிடிப்பு. ஒசாகாவில் சயோகோவின் சலவைக் கடைக்கு மேலே, அவள் வீட்டுக்குப் பக்கத்து அறையில், பதினெட்டு வருடமாகக் குடியிருக்கிறேன். அந்தப் படி எவ்வளவு குறுகல் என்று எனக்குத் தெரிந்திருந்தும் "நான் ஒரு பக்கம் பிடிக்கிறேன்" என்று சொன்னது என் தப்புதான்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: டிசம்பர் மாத இளவெயில் கண்ணாடிக் கதவில் சாய்ந்து விழ, ஐம்பத்திரண்டு வயது சயோகோ தன் இஸ்திரிப் பெட்டியை…

வேண்டாம். வெயில் விழாமல் தொடங்கும் கதை ஒன்றாவது நான் எழுத வேண்டும்.

இரண்டாவது முயற்சி: ஒன்பது வருடமாகச் சயோகோ தன் தங்கையை 'அக்கா' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

இது பரவாயில்லை. இதுவே இருக்கட்டும்.

2

சயோகோவும் மயுமியும் சிறுமிகளாக இருந்தபோதே கடைத்தெரு விளையாட்டுக் கூடத்தில் வீடியோ சண்டை விளையாட்டு ஆடி வளர்ந்தவர்கள். சயோகோ எடுப்பது எப்போதும் சுமோ மல்லன், மயுமி எடுப்பது நரிப் பெண். கல்யாணமாகி, மயுமி அமாகசாகிக்குப் போன பிறகும் ஜனவரி இரண்டாம் தேதி ஆட்டம் நிற்கவில்லை. போன வருடம் ஜெயித்தவள் வீட்டில்தான் ஆட்டம். தோற்றவள் ஜெயித்தவளை வருடம் முழுக்க 'அக்கா' என்று கூப்பிட வேண்டும்.

ஒன்பது வருடமாகத் தோல்வி. கடையில் வாடிக்கையாளர்கள் நிற்கும்போது போன் வரும். சயோகோ பல்லைக் கடித்துக்கொண்டு, "சொல்லுக்கா" என்பாள். மறுமுனையில் ஐந்து வயது இளையவள், "என்ன தங்கச்சி, நல்லாருக்கியா?" என்று கேட்பது எனக்கே கேட்கும்.

(இதை வேடிக்கையாகத்தான் எழுத நினைத்தேன். ஆனால் ஒருநாள் சட்டை மடித்துக்கொண்டே அவள் சொன்னாள்: "வாத்தியாரே, போன வாரம் கனவுல கூட நான்தான் சின்னவ. அவ கையப் பிடிச்சு ரோடு தாண்டுறேன்." எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கும்தான்.)

தன் வீட்டு டிவியில் ஆடினால் கணவன் இசாமுவைத் தோற்கடிப்பாள், கடைக்கு வரும் தபால்காரரைத் தோற்கடிப்பாள். தங்கை வீட்டுக்குப் போனால் மட்டும் மண்ணைக் கவ்வுவாள். ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. இந்த வருடம், "டிவியை மாத்திப் பாப்போம்" என்று கிளம்பினாள்.

3

நிப்பொன்பாஷியில் ஒரு டிவி கடை. சுவர் முழுக்கத் திரைகள், எல்லாவற்றிலும் ஒரே பவளப்பாறை, ஒரே மீன். ஹமாதா என்ற விற்பனையாளர் கறுப்பு எவ்வளவு கறுப்பு என்று விளக்க ஆரம்பித்தார்.

"கறுப்பு இருக்கட்டும் தம்பி. நான் பட்டனை அமுக்கினா அவன் எப்போ அடிப்பான்? அதச் சொல்லுங்க."

ஹமாதாவின் முகம் மலர்ந்தது. வருடம் முழுக்க யாராவது இதைக் கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவர் போலிருக்கிறது. கேம் பெட்டியை மாட்டி, அதே விளையாட்டைப் போட்டு, தானே எதிரே உட்கார்ந்தார்.

மூன்று ஆட்டம், மூன்றிலும் சயோகோ தோற்றாள்.

"இந்த டிவி கெட்டுப்போச்சு," என்றாள்.

"டிவி நல்லாத்தாம்மா இருக்கு. உங்க வீட்டு டிவிக்கு எத்தனை வயசு?"

"பன்னெண்டு."

"அதான். அதுல படம் ஒரு இமைப்பொழுது பின்னாடி நொண்டிக்கிட்டு வரும். கொஞ்சூண்டுதான், கண்ணுக்குத் தெரியாது. ஆனா உங்க விரல் அதக் கத்துக்கிச்சு. அடி வர்றதுக்கு முன்னாடியே தடுக்குறீங்க. வேகமான டிவியில உங்க சுமோ காலியான காத்தத்தான் தடுக்குறான்."

சயோகோ கட்டுப்பாட்டுக் கருவியைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். தங்கை வீட்டு டிவி எப்போதும் புதுசு.

"அப்போ… நான் மக்கு இல்லையா?"

"மக்கா? இல்லாத அடிய இவ்வளவு சரியா யாரால தடுக்க முடியும்?"

அவள் கண்ணில் நீர் துளிர்த்தது. (நான் கடையில் இல்லை. இந்த நீர் என் கைவரிசை. எழுதியதைப் படித்துக் காட்டியபோது, "அழவெல்லாம் இல்ல, மூக்கைத்தான் சிந்தினேன்," என்றாள். இரண்டையும் வைத்துக்கொள்கிறேன்.)

பிறகு அந்த அறுபத்தைந்து அங்குல டிவிக்குப் பேரம். ஒசாகாக்காரி பேரம் பேசாமல் பொருள் வாங்கினால் அக்கம்பக்கத்தில் தலைகாட்ட முடியாது. "இன்னும் கொஞ்சம் படிங்க தம்பி," என்றாள்.*

கடைசியில் துருப்புச்சீட்டை இறக்கினாள். "டிவியை நாங்களே வேன்ல தூக்கிட்டுப் போயிடுறோம். அந்தக் கூலியையும் கழிங்க."

வேன் சலவை வேன், ஆள் நான். வாசகர் இந்த இடத்தை மறந்துவிட வேண்டாம்: கடைக்காரர்கள் வீட்டுக்கு வந்திருந்தால் பழைய டிவியைக் கையோடு எடுத்துப் போயிருப்பார்கள்.

* விலையைக் குறை என்பதை இந்த ஊரில் இப்படித்தான் சொல்வார்கள். அன்று ஹமாதா படித்த படிப்புக்கு ஒரு முனைவர் பட்டமே கொடுத்திருக்கலாம்.

4

இசாமுவைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. கதைக்கு வசதியாக ஓர் அசட்டுக் கணவன் வந்து மாட்டியதுபோல் படலாம். என்ன செய்வது, அவர் அப்படித்தான்.

மூன்று வாரம் சயோகோ புது டிவியில் பழகினாள். முதல் வாரம் அவள் சுமோ சந்தையில் அலையும் குடிகாரன் போல் ஆடினான். இரண்டாம் வாரம் விரல்கள் காத்திருக்கக் கற்றன. மூன்றாம் வாரம் என்னை ஒரு நிமிடத்தில் ஏழு தடவை வீழ்த்தினாள். கடையில் பாடிக்கொண்டே இஸ்திரி போட்டாள்.

பழைய டிவி எப்போது காணாமல் போனது என்று யாரும் கவனிக்கவில்லை.

5

ஜனவரி இரண்டு. நடுவர் நான்தான், ஏனென்றால் இசாமுவை இரண்டு பேருமே நம்பவில்லை. ஆரஞ்சுப் பையோடு மயுமி வீட்டுக்குள் நுழைந்தோம்.

"வா தங்கச்சி, வா," என்றாள் மயுமி.

கூடத்தில், மயுமியின் புது டிவி இருந்த இடத்தில், சயோகோவின் பழைய டிவி. மூலையில் சலவைக் கடைச் சீட்டு ஒட்டிய தழும்புகூட அப்படியே இருந்தது.

சயோகோ மெதுவாகக் கணவன் பக்கம் திரும்பினாள்.

"கழிச்சுப் போடுறதுக்கும் காசு கட்டணுமாம்," என்றார் இசாமு. "மயுமி கேட்டா. மிச்சம்தானேன்னு…"

"அந்த விரல் விஷயத்தையும் சொல்லிட்டீங்களா?"

"பேச்சுவாக்குல…"

"உங்க வாயில ஒட்டுற மொச்சிக் கொழுக்கட்டைய வெச்சுத்தான் அடைக்கணும்."

மயுமி எதற்காக அதைக் கேட்டு வாங்கினாள் என்பதில்தான் நான் மூன்று நாள் முட்டிக்கொண்டேன். குறுக்குப் புத்தியா? அக்கா வேகத்துக்குப் பழகிவிட்டாள் என்று தெரிந்து, காலடி விரிப்பை உருவினாளா? அப்படியும் ஒரு பத்தி எழுதினேன். ஆனால் மயுமி சொன்னது இதுதான்:

"ஒம்பது வருஷமா என் டிவியிலதானே தோத்தே. உன் டிவியில ஒரு தடவையாவது ஜெயிக்கணும்னு கொண்டாந்தேன். நீ மூணு வாரமாப் புதுசுல பழகுவேன்னு நான் கண்டேனா?"

சயோகோ அவளையே பார்த்தாள். "மூதேவி," என்றாள். குரல் தழுதழுத்தது. (இது என் கைவரிசை இல்லை.)

ஆட்டம் தொடங்கியது. சுமோ நேற்று வந்த அடியை இன்று தடுத்தான். நரிப் பெண் யாருமில்லாத சுவரைப் பார்த்துப் பாய்ந்தாள். மயுமி சிரித்துச் சிரித்துத் தரையில் சாய்ந்தாள். சயோகோ அவள்மேலேயே விழுந்து, "ஏய், எழுந்திரிடி, நான் இன்னும் அடிக்கவே இல்ல!" என்று கத்தினாள். 'டி' போட்டதை நான் நடுவராகக் கண்டித்தேன். யாரும் பொருட்படுத்தவில்லை.

ஆளுக்கு ஓர் ஆட்டம் ஜெயித்தார்கள். கடைசி ஆட்டத்தில் இருவருக்கும் நூல் அளவு உயிர். சிரிப்பு நின்றது. சயோகோ உள்ளங்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். இருவரும் ஒரே சமயத்தில் பட்டனை அமுக்க, பழைய டிவி தன் வழக்கப்படி யோசித்தது…

6

முடிவு அ: பன்னிரண்டு வருடப் பழக்கம் மூன்று வாரத்தில் அழியாது. சயோகோவின் விரல் பழைய பாடத்தை நினைவுகூர்ந்துவிட்டது. ஜெயித்தாள்.

முடிவு ஆ: மயுமி. பத்தாவது வருடம்.

முடிவு இ: இருவரும் ஒருசேர விழுந்தார்கள். எனக்கு இதுதான் ரொம்பப் பிடித்திருக்கிறது, அதனாலேயே இதை நான் நம்பவில்லை.

நடந்தது எனக்குத் தெரியும். எழுத முடியாது. "யார் ஜெயிச்சான்னு எழுதினீங்கன்னா வாத்தியாரே, இனிமே உங்க பனியனுக்கும் கஞ்சி போட்டுத்தான் தருவேன்," என்று சொல்லிவிட்டாள்.

கண்ணால் கண்டதை மட்டும் சொல்கிறேன். எங்களோடு வேனில் திரும்பி வந்த அந்தப் பழைய டிவியையும் மறுநாள் காலை நானேதான் மாடிக்குத் தூக்கினேன். அடுத்த ஆட்டம் இங்கே என்பதாலா, இல்லை அதில் மறுபடி பழக வேண்டும் என்பதாலா? கேட்கவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. இப்போது இரண்டு டிவியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன.

கீழே கடையில் போன் அடித்தது. ஒரு கையில் இஸ்திரிப் பெட்டியோடு சயோகோ எடுத்தாள். என்னைப் பார்த்தாள், முதுகைத் திருப்பிக்கொண்டாள், தோள் குலுங்கச் சிரித்தாள். பிறகு முதல் வார்த்தையைச் சொன்னாள். எனக்குக் கேட்டது. உங்களுக்காக இடம் விட்டிருக்கிறேன், நிரப்பிக்கொள்ளுங்கள்:

"…………… , சாப்பிட்டாச்சா?"