கெட்டிக்கும்போது பேசக் கூடாது

ஆர்ஃபா ஸ்டாம்பர் ஒரு சபதம் போட்டிருந்தாள். மாட்டைப் பரிசாக வைத்துச் சுடும் இன்றைய மாட்டுப் பந்தயத்தில், தன் கையால் செய்த துப்பாக்கி ஹாலிஸ் பிரஷியரின் துப்பாக்கியை ஜெயித்துவிட்டால், "என்னைக் கட்டிக்கிறியா?" என்று அவனிடம் அவளே கேட்டுவிடுவாள். தோற்றால் இந்த ஜென்மத்தில் அந்தப் பேச்சையே எடுக்க மாட்டாள்.

வேறு என்னதான் செய்வது, சொல்லுங்கள்? ஆறு வருஷமாக அந்த மனுஷன் ஞாயிறு தவறாமல் வருகிறான். பீன்ஸும் சோள ரொட்டியும் வயிறு முட்டத் தின்கிறான். துப்பாக்கிக் குழலைத் துடைக்கக் கொதிநீர் நல்லதா வெதுவெதுப்பான நீர் நல்லதா என்று இருட்டும்வரை பேசுகிறான். பிறகு தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விடுகிறான். அவளுக்கும் ஐம்பத்திரண்டு ஆகிவிட்டது.

சபதம் தெரிந்த ஒரே ஆள் சிநேகிதி வெர்லி. இருவரும் மரத்தடியில் ஈயக்குண்டுகளைத் துணியில் உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அடியே, சும்மா கேட்டுத் தொலையேன். அதுக்கு எதுக்குடி துப்பாக்கி?" என்றாள் வெர்லி.

"சும்மா கேட்டா கெஞ்சின மாதிரி ஆயிடும். ஜெயிச்சுட்டுக் கேட்டா அது வேற."

"அவனை ஜெயிக்கப் போறியா? கிழிஞ்சுது போ!"

ஆனால் ஆர்ஃபாவின் துப்பாக்கி லேசுப்பட்டதில்லை. புயலில் விழுந்த தன் வீட்டு மேப்பிள் மரத்தை அறுத்துக் காயவைத்து, சமையல் மேஜைமேலேயே துப்பாக்கிக்குக் கட்டை செதுக்கினாள். பகலில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுவாள், சாயங்காலம் உளி பிடிப்பாள். அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் சுட்ட ரொட்டியில் மரத்தூள் நறநறத்தது. ஹாலிஸ் அதையும் குறை சொல்லாமல் தின்றான், பாவி. சக்கிமுக்கிக் கல்லைக் கவ்விய சுத்தியலை, குதிரை என்பார்கள், இழுத்துவிட்டால் பொறி பூவாகக் கொட்டும்.

எங்கள் கென்டக்கி மலைப்பக்கத்தில் மாட்டுப் பந்தயம் என்றால், சுட்டு ஜெயிக்கிறவருக்கு மாட்டின் பின்னங்காலில் எது வேண்டுமோ அது. அடுத்தவர்களுக்கு வரிசைப்படி மற்ற கால்கள், தோல், கொழுப்பு. கடைசியாக வந்தவருக்கு, குறிப்பலகைக்குப் பின்னால் கிடக்கும் பெரிய மரத்துண்டில் புதைந்த ஈயம். அதையும் அவரேதான் தோண்டி எடுத்துக்கொள்ள வேண்டும். ஆளுக்கொரு பலகை. அதை நெருப்பில் கருக்கி, நடுவில் கத்தியால் பெருக்கல் குறி கீறிக்கொள்ள வேண்டும். குப்புறப் படுத்து, குழலை ஒரு கட்டைமேல் வைத்துச் சுட வேண்டும். குண்டு ஒவ்வொன்றும் நடுவிலிருந்து எவ்வளவு தள்ளிப் போயிற்றோ அவ்வளவு நீளம் அவரவர் நூலில் சேரும். நூல் குட்டையாக இருக்கிறவர்தான் ஜெயித்தவர்.

சுடுகிற வரிசைக்குக் கேப்டன் ஹாலிஸ்தான். விதி என்று வந்துவிட்டால் அவன் பெற்ற தாயையும் விட மாட்டான். அதிலும் ஒரு விதி அவனுக்கு உயிர்: குழலில் மருந்தும் குண்டும் போட்டுக் கெட்டிக்கிறவரிடம் யாரும் பேசக் கூடாது, கெட்டிக்கிறவரும் சுட்டு முடிக்கும்வரை வாய் திறக்கக் கூடாது. பேச்சில் புத்தி போனால் வெடிமருந்து போடாமலே குண்டை இடிப்பார்கள். இல்லையென்றால் குண்டை இடித்த மரச் சலாகையைக் குழலிலேயே விட்டுவிட்டுச் சுடுவார்கள். ஒருதடவை ஒருவருடைய புகையிலைக் கொட்டகை தீப்பிடித்து எரிந்தது. அவர் கெட்டித்துக்கொண்டிருந்தார். சுட்டு முடிக்கட்டும் என்று ஊரே கையைக் கட்டிக்கொண்டு நின்றது. கேப்டன் உத்தரவு!

விதியை மீறிப் பேசினால், பேசினவரின் நூலை எல்லார் முன்னாலும் அறுத்துவிடுவார்கள். பந்தயம் அவ்வளவுதான். சலாகையைச் சுட்டுவிட்டவருக்கு வேறு மரியாதை. அவர் பெயரைப் பழுக்கக் காய்ச்சிய ஆணியால் அந்தச் சலாகையில் சுட்டுக் பந்தயக் கொட்டகைச் சுவரில் மாட்டிவிடுவார்கள். போகிற வருகிற பொடியனெல்லாம் பார்த்துச் சிரிப்பான். அங்கே மாட்டிய முதல் சலாகை, பெயர் சுடுகிற டாலிவர் மாமாவுடையதேதான்.

ஹாலிஸ் தன் குண்டுகளை எல்லாம் சுட்டு முடித்துவிட்டான். நூல் கணக்கில் அவனுக்கு அடுத்தபடி வெர்லி. ஆர்ஃபாவுக்கு இன்னும் ஒரே ஒரு குண்டு பாக்கி. அவள் நூல் ஹாலிஸின் நூலைவிட ஒரு கட்டைவிரல் நீளம் குறைவு. கடைசிக் குண்டு குறியை ஒட்டி விழுந்தால் போதும், ஜெயித்தாயிற்று! எப்படிக் கேட்பது? நேராகக் கேட்பதா, பின்னங்கால் கறியை அவன் கையில் கொடுத்துவிட்டுக் கேட்பதா?

மருந்து வைக்கிற மாட்டுக்கொம்பிலிருந்து மருந்தை அளந்து குழலில் கொட்டினாள். கொழுப்புத் தடவிய துணிவட்டம், அதன்மேல் குண்டு. சலாகையால் கீழே இடித்தாள். ஒரு இடி, இரண்டு இடி.

"ஆர்ஃபா, என்னைக் கட்டிக்கிறியா?"

சொன்னது ஹாலிஸ். கேப்டன் ஹாலிஸ்! தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, காது சிவக்க நின்றான். கூட்டம் மொத்தமும் அவனையே வாயைப் பிளந்து பார்த்தது. யாரோ ஒருவர் கடித்த ரொட்டியை விழுங்கவும் மறந்துபோனார்.

ஆர்ஃபாவுக்குத் தலைகால் புரியவில்லை. "கட்டிக்கிறேன்" என்று கத்த வாய் துடித்தது. கெட்டிக்கிறவள் பேசக் கூடாதே! பல்லைக் கடித்துக்கொண்டாள். சீக்கிரம் சுட்டுத் தொலைத்தால்தானே பேச முடியும்? தொப்பென்று படுத்தாள், குழலைக் கட்டைமேல் போட்டாள், குதிரைக்குக் கீழிருந்த கிண்ணியில் மருந்தைத் தூவினாள், குதிரையை இழுத்தாள், விசையைத் தட்டினாள்.

டமார்! சத்தமே ஒரு தினுசாக இருந்தது. தோளில் கழுதை உதைத்த மாதிரி ஒரு உதை. புகைக்குள்ளிருந்து நீளமாக என்னமோ விர்ரென்று பறந்தது.

புகை விலகியது. பலகைக்கு மேலே, பின்னாலிருந்த மரத்துண்டில், அவளுடைய ஹிக்கரி மரச் சலாகை குத்தி நின்று ஆடிக்கொண்டிருந்தது. அதன் முனையில் ஒரு துண்டுத் துணி புகைந்தது. பலகையில் புது ஓட்டை எதுவும் இல்லை. குண்டு எங்கே போனதென்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

"அய்யய்யோ!" ஹாலிஸ் பாய்ந்து வந்து மண்டிபோட்டான். "குழல் பிளந்துச்சா? கண்ணைக் காட்டு. விரலெல்லாம் இருக்கா? எண்ணிக் காட்டு!"

"எல்லாம் இருக்கு, விடு!"

"என்னாலதான். என்னாலதான் எல்லாம். நான் ஜெயிச்சுட்டுக் கேக்கலாம்னு இருந்தேன். உன் நூலைப் பாத்தேன், ஜெயிக்க மாட்டேன்னு தெரிஞ்சுபோச்சு. அதுக்கப்புறம் தாங்கல, வாய் தானாத் தொறந்துடுச்சு."

ஆர்ஃபாவுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. தன் சபதத்தை மட்டும் அவள் சொல்லவில்லை. அவன் கிழவனாகட்டும், அப்போது சொல்லிக்கொள்ளலாம்.

அதற்குள் கூட்டம் ஆரம்பித்துவிட்டது. "கேப்டன்! விதி என்ன ஆச்சு? நூலை அறு!" "ஊருக்குத்தான் உபதேசமா?" ஹாலிஸ் எழுந்தான். இடுப்புக் கத்தியை உருவினான், ஆணியில் தொங்கிய தன் நூலைத் தானே எட்டிப் பிடித்துச் சரக்கென்று அறுத்தான். ஓ என்று ஒரே கூச்சல். பலகையில் படாத குண்டுக்குப் பலகையின் முழு நீளமும் சேரும் என்பதால் ஆர்ஃபாவின் நூல் எல்லாருடையதையும்விட நீண்டுபோயிற்று, கிடைத்தது ஈயம்தான்.

"அப்போ பின்னங்கால் எனக்கா?" வெர்லி குதித்தாள். "நீங்க ரெண்டு பேரும் நல்லா இருக்கணும்!"

ஹாலிஸ் தொப்பியைத் திருகினான். "ஆர்ஃபா... நான் ஒண்ணு கேட்டேனே."

"எப்போ?"

"இப்பத்தான். நீ கெட்டிச்சுட்டு இருந்தப்போ."

"கெட்டிக்கிறவங்ககிட்ட யாரும் பேச மாட்டாங்களே, கேப்டன் ஐயா. எனக்கு ஒண்ணும் காதுல விழலையே."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. "இன்னொரு தடவை கேளுய்யா! சத்தமா!" ஹாலிஸ் நெஞ்சை நிமிர்த்தினான். பிறகு மலை எதிரொலிக்கிற மாதிரி கத்தினான், "ஆர்ஃபா ஸ்டாம்பர்! என்னைக் கட்டிக்கிறியா?" மர நிழலில் நின்ற பந்தய மாடுகூடத் திரும்பிப் பார்த்தது.

ஆர்ஃபா விறுவிறுவென்று நடந்துபோய் மரத்துண்டிலிருந்து சலாகையைப் பிடுங்கினாள். ஹாலிஸ் பின்னாலேயே ஓடினான். அவள் அதைக் கொண்டுவந்து டாலிவர் மாமாவின் முன்னால் நீட்டினாள். அவர் ஆணியைக் கனலில் சிவக்கக் காய்ச்சித் தயாராக வைத்திருந்தார்.

"பேரு ஆர்ஃபா. அதானே?" என்றார்.

"அது பாதிதான் மாமா. சுட்டது நான், சுடவச்சது இவன். தப்பு ரெண்டு பேரோடதும். பக்கத்துல ஹாலிஸ்னும் போடுங்க. சேத்தே சுவத்துல மாட்டுங்க, யாரும் பிரிச்சு எடுக்க முடியாதபடி."

ஹாலிஸுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் தொப்பியை வானத்தில் எறிந்தான். அது எங்கே விழுந்தது என்று பார்க்கவும் இல்லை.

டாலிவர் மாமா முதல் பெயரைச் சுட்டு முடித்தார். ஆணி ஆறிப்போயிருந்தது. இன்னொரு பெயருக்காக அதை மறுபடி கனலில் வைத்தார்.