தெரியாது என்ற கட்டம்

நாட்டு மக்களுக்கு ஓர் அறிவிப்பு: போர் நடக்கும் நாட்டுக்கு நாம் விற்கும் குண்டுகள் யார் தலையில் விழும் என்பது அரசாங்கத்துக்குத் தெரியாது.

அடுத்த கப்பலை அனுப்புவதற்கு முன் இது தெரியுமா, தெரியாதா என்பதைக் கையெழுத்தோடு தரச் சொல்லியிருந்தது நீதிமன்றம். ஏற்றுமதி அனுமதி அலுவலகத்தின் வழக்கப்படி, கடைசிப் படியில் இருப்பவர்தான் முதலில் கையெழுத்திட வேண்டும். மேலே இருப்பவர்கள் எல்லாம் அவரை நம்பிக் கையெழுத்திடுவார்கள். கடைசிப் படியில் குமாஸ்தா அம்மா இருந்தார்.

“‘தெரியாது’ங்கிற கட்டத்துல ஒரு டிக் போடும்மா. வேலையில இன்னும் ரெண்டு வருஷந்தானே இருக்கு? ஏன் கெடுத்துக்கறே?” என்றார் இயக்குநர்.

“போன கப்பல்ல போன குண்டு பள்ளிக்கூடத்துல விழுந்த போட்டோவ ஃபைல்ல வெச்சதே நான்தானே சார்? நீங்க அது மேலதான் டீ டம்ளரை வெச்சீங்க. வட்டம்கூட அப்படியே இருக்கு.”

“ஊரோட ஒத்து வாழணும்மா.”

“எந்த ஊரோட சார்? குண்டு விழுந்த ஊரோடயா?”

குமாஸ்தா அம்மா ‘தெரியும்’ என்ற கட்டத்தில் அழுத்தி டிக் போட்டார். தேதியோடு கையெழுத்திட்டு ஃபைலை இயக்குநர் பக்கம் தள்ளினார்.

“இப்ப என்னை நம்பி நீங்க போடுங்க சார்.”

இயக்குநர் பேனாவைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

அடுத்த கப்பல் போன வாரமே கிளம்பியிருந்தது.