ஐம்பத்தேழு கிராம் கூடுதல்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். தோஹாவில் இருக்கும் தங்கைக்கு எலுமிச்சை ஊறுகாய் அனுப்பப் போன இடத்தில் கிடைத்த கதை இது. கடலூர் முதுநகரில் ஷஹனாஸ் பார்சல் கட்டும் கடை வைத்திருக்கிறாள். மேசையில் ஒசாகா முகவரியோடு ஒரு பெட்டி இருந்தது. கை நீட்டினேன்.

"அத்த மட்டும் தொடாதீங்க," என்றாள்.

ஊறுகாயை அங்கேயே மறந்து வைத்துவிட்டு வந்தேன். தங்கை இன்னும் திட்டுகிறாள்.

2

முதல் வரி: 'சாமுராயின் வாள் உறையிலிருந்து...' (வேண்டாம்.)

இரண்டாவது: 'வங்கக் கடலின் உப்புக் காற்று அன்று...' (யார் கேட்டார்கள்?)

சங்கடம் என்னவென்றால், இந்தக் கதையில் வாளே கிடையாது. வாளின் உதிரிகள் மட்டும்தான். கைக்கும் கத்திக்கும் நடுவே மாட்டும், உள்ளங்கை அகல இரும்புத் தட்டு ஒன்று. பிடியில் வைத்துக் கட்டும் சுண்டுவிரல் நீளச் செப்பு வாத்துகள் இரண்டு. மூன்றுக்கும் இருநூறு வயதாகிறது.

சிதம்பரம் கீழ வீதியில் இருக்கும் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஹேமசபேசன், புதுச்சேரியில் வாங்கிய பழைய பித்தளைச் சாமான்களுக்குள் ஒரு மரப்பெட்டியில் இவை கிடந்தன. மூடியில் இருந்த குடும்ப முத்திரையை வைத்து மூன்று வருடம் தேடி, ஒசாகாவில் அந்த வீட்டையே பிடித்துவிட்டார். அங்கே எண்பத்தெட்டு வயது மிச்சிகோ அம்மாள், தன் அப்பாவின் பொருள்களைத் தொட்டுப் பார்க்கக் காத்திருந்தார். சார் விற்கவில்லை, திருப்பித் தருகிறார். (ஏற்றுமதி அனுமதி வாங்கிய ஐந்து மாதத்தை வெட்டிவிட்டேன். அது தனி நாவல்.)

3

ஹேமசபேசனை முதலில் கஞ்சனாக எழுதினேன். ஒட்டவில்லை. அவர் வெறுமனே பயந்தவர். பஸ்ஸில் கொண்டுவர மனம் வராமல், ஷஹனாஸையே சிதம்பரத்துக்கு வரவழைத்தார்.

அவள் கையுறை போட்டுக்கொண்டாள். ஒவ்வொன்றையும் நகைத் தராசில் நிறுத்து எழுதினாள். அமிலம் கலக்காத வெள்ளைத் தாளில் தனித்தனியாகச் சுற்றினாள். ரப்பர் பேண்டைக் கிட்டே சேர்க்கவில்லை.* பஞ்சு மெத்தையில் அளவாகக் குழி வெட்டி உட்கார வைத்து, பெட்டியைக் காதருகே பிடித்து ஆட்டினாள்.

"சத்தம் வரலை சார். இனிமே விமானத்துலேர்ந்து தூக்கிப் போட்டாலும் பயமில்ல."

"ஏம்மா அப்படிச் சொல்றே?" என்றார் சார், முகம் வெளிறி.

அப்புறம் சாரின் மனைவி கார்த்யாயினி மாமி கொடுத்த காபியைக் குடிக்க உள்ளே போனாள். அந்த ஐந்து நிமிஷம்தான் இந்தக் கதை.

(* ரப்பரில் கந்தகம் உண்டு, உலோகத்தைக் கறுக்க வைக்கும். எனக்கும் அன்றுதான் தெரியும்.)

4

கடைக்கு வந்து அட்டைப்பெட்டியில் இறக்குமுன் நிறுத்தாள். எண்ணூற்றுத் தொண்ணூற்று மூன்று கிராம் இருக்க வேண்டும். தொள்ளாயிரத்து ஐம்பது காட்டியது. மறுபடி நிறுத்தாள். அதே ஐம்பத்தேழு கூடுதல்.

கூரியர் வர அரை மணி இருந்தது. பிரித்தாள். பஞ்சின்மேல் ஈர வெற்றிலையில் மடித்த கல்கண்டு. நூலிழை தள்ளித்தான் இரும்பு இருந்தது.

போனில் மாமி அசரவில்லை. "இன்னொருத்தராத்துப் பெட்டி அது. வெறுமனேயா திருப்பிக் குடுக்கறது? நன்னாருக்குமோ?"

"மாமி, இரும்பு மாமி இது. ஈரம் பட்டா துரு ஏறிடும்."

"அப்போ அந்தப் பாட்டிக்கு நான் என்னத்தைக் குடுக்கறது?"

அந்தக் குரலில் கோபமில்லை, ஏக்கம்தான் இருந்தது. ஷஹனாஸ் உருகிப்போனாள். போன வாரம் மாமி முறுக்கு வைத்துக் கொடுத்தனுப்பிய எவர்சில்வர் டப்பா அலமாரியில் இருந்தது, மூடியில் பெயர் வெட்டியது. வெற்றிலையை எடுத்துப் போட்டாள். கல்கண்டை டப்பாவில் அடைத்து, சுற்றிலும் டேப் ஒட்டி, உள்பெட்டிக்கு வெளியே தனி அட்டையறையில் வைத்தாள். படிவத்தில் எழுதினாள்: கல்கண்டு, அன்பளிப்பு.

5

முடிவு ஒன்று: தட்டில் துரு பிடித்து...

இதைப் படித்துவிட்டு ஷஹனாஸ் போன் செய்தாள். "எம் பேக்கிங்ல துருவா? கதைன்னா என்னா வேணா எழுதுவீங்களா? இனிமே ஒங்க ஊறுகாய நீங்களே கட்டிக்குங்க."

கிழித்துவிட்டேன். (அந்த ஊறுகாய் இன்னும் அவள் கடையில்தான் இருக்கிறது.)

முடிவு இரண்டு: பத்தாம் நாள் படம் வந்தது. சுருங்கிய உள்ளங்கையில் இரும்புத் தட்டு, ஒரு கீறல் இல்லை. மிச்சிகோ அம்மாளின் ஒரு கன்னம் கல்கண்டால் உப்பியிருந்தது. ஷஹனாஸ் கடையை அப்படியே போட்டுவிட்டு, பக்கத்துக் கடை வரைக்கும் போய்க் காட்டினாள். சார் அழுதாராம்.

இது நடந்தது. இங்கேயே முடித்திருப்பேன்.

6

ஆனால் நேற்று ஒசாகாவிலிருந்து ஷஹனாஸ் கடைக்கு ஒரு பார்சல் வந்திருக்கிறது. உள்ளே மாமியின் டப்பா, துணியில் முடிச்சுப் போட்டு. மாமி மத்தியான பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறார், அதுவரை பிரிக்கக் கூடாதென்று உத்தரவு.

ஷஹனாஸ் சும்மா இருப்பாளா. துணியோடு தராசில் வைத்தாள். வெறும் டப்பா நூற்றுப் பன்னிரண்டு கிராம், அவள் நோட்டில் இருக்கிறது. துணிக்கு முப்பது போட்டாலும் தராசு இருநூற்று ஆறு காட்டுகிறது. காதருகே பிடித்து ஆட்டினாள். சத்தமே இல்லை.

"அங்கயும் கட்டத் தெரிஞ்ச ஆள் இருக்காங்க," என்றாள்.

மீதி அறுபத்து நான்கு கிராமை நான் எழுதப்போவதில்லை. உங்கள் வீட்டிலும் யாராவது கொடுத்த டப்பா ஒன்று திரும்பாமல் இருக்கும். அதில் எதைப் போட்டுத் தருவீர்களோ, இதற்குள் அதை வையுங்கள். மாமி பாதி வழி தாண்டிவிட்டாராம், சீக்கிரம்.