மிஸ்கீன் உட்காராத பாய்

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் நல்ல செய்தி ஒன்று சொல்வதாக றிப்னா தன் வாசகர்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். பெரிய கூட்டமில்லை. பேஸ்புக் பக்கத்தில் முந்நூறு பேர், கற்பிட்டியில் போட்டோகொப்பி அடித்து ஊசி குத்திய பிரதியைக் கேட்டு வாங்குகிறவர்கள் ஒரு நாற்பது பேர். ஆனாலும் அவர்கள் அவளுடைய வாசகர்கள். எத்தாளையில் ஓட்டுக்கூரை வெக்கைக்குள் உட்கார்ந்து அவள் படம் படமாகக் கீறுகிற ஓர் ஈயின் சித்திரக் கதைக்காக மாதம் முழுக்கக் காத்திருக்கிறவர்கள்.

ஈயின் பெயர் மிஸ்கீன். ஏழை, பாவப்பட்டது. மீன் காயப்போடுகிற கடலோரத்து வாடிகளில் கருவாட்டுக்குக் கருவாடு தாவி, மனிதர்களைப் பார்த்துத் தனக்குத்தானே கதைக்கிற ஈ. நாலாவது இதழில் மிஸ்கீன் ஒரு பாயின் மேல் பறக்கிறது. பாய் நிறையச் சாளை காய்கிறது, ஓர் ஈ கூட இல்லை. மிஸ்கீன் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இதுல நான் உட்கார மாட்டன்" என்கிறது. அடுத்த கட்டத்தில் பாயின் ஓரம் முழுக்க மிஸ்கீனின் சொந்தக்கார ஈக்கள் காலை மேலே தூக்கிக்கொண்டு செத்துக் கிடக்கின்றன. மிளகாய்த் தோட்டத்துக்குப் பூச்சிமருந்து அடிக்கிற தாங்கி பக்கத்தில் சாய்ந்து நிற்கிறது. வாடி யாருடையது என்று அவள் எழுதவில்லை. எழுதத் தேவையுமில்லை என்று நினைத்திருந்தாள்.

வாடி முத்தலிபு ஹாஜியாருடையது. றிப்னாவின் உம்மா ஜெய்னம்பு அங்கேதான் ஒன்பது வருடமாக மீன் கீறி உப்புப் போடுகிறாள்.

அந்த ஹாஜியார்தான் நாலு இதழையும் சேர்த்து அழகான புத்தகமாக அடித்துத் தருகிறேன் என்று உம்மாவிடம் சொல்லி அனுப்பியிருந்தார். றிப்னா இரண்டு நாள் யோசித்தாள். புத்தளம் நூலகத்திலிருந்து அவள் எடுத்து வந்து படித்த தடித்த மொழிபெயர்ப்பு நாவல்களில், எழுநூறாம் பக்கம் போல ஒரு கொடிய பண்ணையார் பனியில் முழங்காலிட்டு அழுவார். ஹாஜியாரும் கதையை வாசித்து மனம் மாறிவிட்டார் என்று அவள் நம்பிவிட்டாள். எத்தாளையில் பனி பெய்யாது என்பது அப்போது அவளுக்கு நினைவில்லை.

வெள்ளிக்கிழமை பகல் பதினொரு மணிக்கு, புத்தகம் வரப்போகிற அந்த நல்ல செய்தியை எழுத உட்கார்ந்தவளுக்கு முன்னேஸ்வரத்திலிருந்து கோபிகாவின் செய்தி வந்தது. முதல் இதழிலிருந்தே வாசிக்கிற பிள்ளை, ஏ.எல். படிக்கிறாள்.

"அக்கா! உங்கட மிஸ்கீன் கருவாட்டுப் பைல! சிலாபத்துல கடையில கண்டன். அம்மா வேற எடுக்கப் போனவ, நான்தான் இதை எடுங்கோ எண்டு அடம்பிடிச்சன். பொரிச்சுச் சாப்பிட்டாச்சு. நாலு பை வாங்கினனாங்கள்!"

கீழே படம். பளபளக்கும் பொலித்தீன் பை. அதன் நடுவில் மூக்கைப் பொத்திய மிஸ்கீன், அவள் கீறிய அதே கோடு, அதே வளைந்த கால். மேலே சிவப்பு எழுத்தில்: "ஈ கூட உட்காராத சுத்தம்! முத்தலிபு கருவாடு."

பைக்குள் இருந்த சாளையின் வெள்ளைக் கண் ஒன்று பொலித்தீனோடு ஒட்டிக்கொண்டு றிப்னாவைப் பார்த்தது. கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். கவிழ்த்த பிறகும் பார்த்தது.

ஜும்ஆ முடிந்ததும் ஹாஜியாரே வந்துவிட்டார். அத்தர் மணம் முன்னால் வந்தது, அவர் பின்னால் வந்தார். கையில் ஆறு பை கருவாடு. கூடவே ஜெய்னம்புவும் வாடியிலிருந்து வந்து, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக நின்றாள்.

"என்ன மகள், சொகமா? பாருங்க, உங்கட ஈ நம்மட ஊருக்கே பேர் வாங்கித் தந்திரிக்கு. குருணாகல்ல இருந்தும் ஓடர் வந்திரிக்கு, மாஷா அல்லாஹ்."

"ஆரக் கேட்டு எடுத்தீங்க ஹாஜியார்?"

"உம்மாவக் கேட்டுத்தான். கேக்காம எடுப்பனா? சொல்லு ஜெய்னம்பு."

"ஓம், கேட்டார்" என்றாள் ஜெய்னம்பு. "எடுங்க எண்டன். வேலியில நிக்கிற முருங்கக்கீரைய ஆராச்சும் கேட்டா ஒடிச்சிக் குடுக்கிறல்லயா? நீ கீறினதுதானே புள்ள, திருப்பிக் கீறலாம்."

வேலிக் கீரையை அந்த ஊரில் யாரும் மறுப்பதில்லை. வீட்டில் எவள் நட்டாலும் உம்மாவிடம்தான் கேட்பார்கள். றிப்னாவுக்கு அது தெரியும். தெரிந்ததால் இன்னும் கசந்தது.

"நீங்க அந்தக் கதைய வாசிச்சீங்களா ஹாஜியார்?"

"வாசிக்க நமக்கு எங்க மகள் நேரம்? படம் பார்த்தாலே வெளங்குதே. ஈ மூக்கப் பொத்திட்டு ஓடுது. அவ்வளவு சுத்தம்."

"அடுத்த கட்டத்த ஏன் வெட்டினீங்க?"

"செத்த ஈய ஆரு மகள் சாப்பாட்டுப் பைல போடுவா?" அவர் உண்மையாகவே முகத்தைச் சுளித்தார். "அருவருப்பில்லயா?"

றிப்னா அவரைப் பார்த்தபடியே நின்றாள். வெள்ளை ஜுப்பா, சுத்தமாக வெட்டிய நகம், மிஸ்வாக் குச்சியால் தேய்த்த பல். அந்த மனிதரில் ஈ மொய்க்க ஓர் இடமில்லை.

"அந்தத் தாங்கியில என்ன இரிக்கு எண்டு உங்களுக்குத் தெரியாதா?"

"மருந்துதானே?" அவர் குரலைத் தாழ்த்தவுமில்லை. "எல்லா வாடியிலயும் அடிக்கிறதான். ஈ உட்கார்ந்தா புழு வைக்கும், புழு வைச்சா சனம் வாங்காது. சனம் ஈ இல்லாத கருவாடத்தான் தேடித் தேடி எடுக்குது. நான் என்ன செய்ய? அத உடுங்க. புத்தகம் ஆயிரம் அடிப்பம். பின்னட்டையில நம்மட பை. பெருநாளைக்கு மொதல் பெரிய விழா. இண்டைக்கே உங்கட சனத்துக்கு நீங்க அறிவிச்சிடுங்க."

அவர் போனபின்னும் அத்தர் போகவில்லை. மேசையில் ஆறு மிஸ்கீன்கள் வரிசையாக மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தன.

"உம்மா, அந்த மருந்த ஆரு கரைக்கிற?"

ஜெய்னம்பு முந்தானையில் கையைத் துடைத்தாள். விரல் நுனிகளில் தோல் வெங்காயச் சருகு போல் உரிந்திருந்தது. உப்பால் உரிகிறது என்றுதான் றிப்னா நினைத்து வந்தாள். அப்படி நினைப்பது வசதியாக இருந்தது.

"நான்தான் கரைக்கிற. ஒரு வாளிக்கி ரெண்டு மூடி. உனக்கு ஆரு சொன்ன தாங்கி இரிக்கெண்டு? நான் கதைச்சதக் கேட்டுத்தானே நீ கீறினாய்? அப்ப ஆரு கரைக்கிறெண்டு மட்டும் ஏன் கேக்கல்ல?"

செத்த ஈக்களின் ஒவ்வொரு காலையும் மெல்லிய பேனாவால் கவனமாகக் கீறிய றிப்னா, தாங்கியைப் பிடித்த கையைக் கீறவில்லை. கட்டத்துக்கு வெளியே விட்டுவிட்டாள். தன் கதையே தனக்கு நாறியது.

அவள் முதலில் கோபிகாவுக்கு எழுதினாள். "தங்கச்சி, அந்தக் கருவாட்டச் சாப்பிடாதீங்க. மிச்சத்த மண்ணுல தாட்டிருங்க, பூனைக்கும் போடாதீங்க. ஆருக்காச்சும் வயித்துக்குச் சரியில்லாட்டி உடனே டொக்டரிட்ட காட்டுங்க. என்னை நம்பி வாங்கினீங்க, மன்னிச்சுக்கொள்ளுங்க."

பிறகு வாசகர்களுக்கான செய்தி. நல்ல செய்திக்கென்று தயாராக வைத்திருந்த வரிகளை அழித்தாள். பை வேண்டாம், புத்தகமும் வேண்டாம் என்று மட்டும் எழுதி மௌனமாகிவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். அது ஹாஜியார் படத்தை வெட்டியது போலத்தான் என்று பட்டது.

"புத்தகம் வராது" என்று எழுதினாள். "மிஸ்கீனைக் கருவாட்டுப் பையில் கண்டிருப்பீர்கள். அதில் இருப்பது பாதிப் படம். மீதிப் பாதியைக் கீழே தருகிறேன். மிஸ்கீன் அந்தப் பாயில் உட்காராதது சுத்தத்தால் அல்ல, நஞ்சால். ஈ இல்லையென்று பார்த்து வாங்குகிறவர்கள் அந்த நஞ்சைத்தான் தேடி வாங்குகிறோம். மிஸ்கீனுக்காக வாங்கியவர்கள் சாப்பிடாதீர்கள். ஈ என்னுடையது, அதனால் இதைச் சொல்ல வேண்டியவளும் நான்."

"என்ன எழுதினாய்? வாசி" என்றாள் ஜெய்னம்பு.

றிப்னா வாசித்தாள். "இதப் போட்டா நாளைக்கு உங்களுக்கு வேல இல்ல உம்மா."

"அது எனக்குத் தெரியாதா?" ஜெய்னம்பு கதிரையில் உட்கார்ந்தாள். "ரெண்டாம் பாய எழுதல்லியே."

"எந்தப் பாய்?"

"ஹாஜியார்ட ஊட்டுக்கெண்டு தனியாக் காயுற பாய். வல போட்டு மூடியிரிக்கும். மருந்து இல்ல, ஈ மொய்க்கும், நான்தான் ஓலையால ஓட்டுற. அதுல மிஞ்சினதத்தான் எனக்குத் தருவார். அதத்தான் இந்த ஊட்டுல ஆக்கிற."

றிப்னா வாயைப் பொத்திக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினாள். ஒன்றும் வரவில்லை. வெறும் கசப்பு நீர் மட்டும் வந்தது. ஒன்பது வருடமாகத் தெரிந்தெடுத்த நல்ல மீனைத் தின்று வளர்ந்த வயிறு, அதையும் விட்டுத்தரவில்லை.

திரும்பி வந்து, ஈரக் கையோடு கேட்டாள்: "எழுதட்டா? கரைச்சது நீங்க எண்டும் எழுத வேண்டி வரும். நான் உங்களக் கேக்கிறன் உம்மா. நீங்க வேணாம் எண்டா எழுத மாட்டன்."

ஜெய்னம்புவிடம் அப்படி யாரும் எதையும் கேட்டதில்லை போலும். உரிந்த விரலால் மேசையிலிருந்த ஒரு மிஸ்கீனைத் தடவினாள். நிறம் கொஞ்சமாக விரலில் ஒட்டியது. முகத்தைச் சுளித்து முந்தானையில் துடைத்தாள்.

"எழுது. ஒரு வாளிக்கி ரெண்டு மூடி எண்டும் எழுது. மூணு எண்டு ஆராச்சும் கூட்டிச் சொல்லப் போறான்."

அவள் எழுதினாள். பதிவு போனது. ஐந்து நிமிடத்தில் பதினொரு பேர் பகிர்ந்தார்கள், ஒருவர் "வயிற்றெரிச்சல் பிடித்தவள்" என்று ஏசினார், உடப்பிலிருந்து ஒருவர் "எங்கள் வாடியிலும் இதுதான்" என்று எழுதினார். பின்னேர அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லுமுன் ஹாஜியாரின் அழைப்பு வந்தது. மேசையில் கைபேசி அதிர்ந்து அதிர்ந்து கருவாட்டுப் பைகளை நோக்கி நகர்ந்தது.

"எடுக்கட்டா?"

"அடிச்சிட்டுக் கெடக்கட்டும். கையக் கழுவிட்டு வா, சோறு போடுறன்."

"என்ன கறி?"

"பருப்பு" என்றாள் ஜெய்னம்பு. "இனிப் பருப்புத்தான்."