வெளிச்சத்துல ஒருக்கா

மத்தியானம் மூன்று மணிக்குள் ஷஹீதா நான்கு முறை நாற்காலி மேல் ஏறி இறங்கிவிட்டாள். ஏறும்போது கையில் டியூப்லைட் இருக்கும். சுவரில் காலியாகக் கிடந்த பட்டியில் அதை மாட்டி, சுவிட்சைப் போட்டுப் பார்ப்பாள். முன்னறை பளீரென்று ஆகும். இரண்டு நிமிஷம் நின்று யோசிப்பாள். மறுபடி ஏறி அதைக் கழற்றி பீரோவுக்குப் பின்னால் சாய்த்துவைப்பாள். ஐம்பத்திரண்டு வயதில், முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு படுக்கிற பெண்மணி செய்கிற வேலையா இது? என்ன செய்வது, அன்றைக்கு அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

ஐந்து மணிக்குச் சேலத்திலிருந்து மலையேறி, மகள் ஆஃப்ரினைப் பெண் பார்க்க வருகிறார்கள். இது மூன்றாவது இடம். முதலில் வந்தவர்கள் தேநீரைக் குடித்துவிட்டு, “போட்டோவுல இன்னும் கொஞ்சம் கலரா இருந்தாங்க” என்று சொல்லிப் போனார்கள். இரண்டாவதாக வந்தவர்கள் அதைக்கூடச் சொல்லவில்லை. ஆஃப்ரினுக்கு இருபத்தேழு ஆகிறது. இந்த இடமும் கைநழுவினால் என்ன செய்வது என்ற நினைப்புதான் ஷஹீதாவை நாற்காலியில் ஏற்றி இறக்கியது.

தடையாக நின்றது படிப்பா, வரதட்சணையா, ஒன்றுமில்லை. நிறம்தான். ஆஃப்ரின் அவள் அத்தா பக்கீர் முகமதுவைக் கொண்டு பிறந்தவள். பஸ் ஸ்டாண்டு பக்கம் காப்பித்தூளும் மிளகும் விற்கிற பக்கீர் முகமதுவின் நிறத்தைப் பற்றி இத்தனை வருஷத்தில் ஒரு மனுஷர் வாய் திறந்ததில்லை. அதே நிறம் மகள்மேல் வந்து உட்கார்ந்ததும் ஊருக்கே அக்கறை வந்துவிட்டது. வரன் தேடுவதற்காக எழுதிய தாளில் ஷஹீதா ‘மாநிறம்’ என்று எழுதியிருந்தாள். வீட்டுக்குள் பேசும்போதும் அதே சொல்தான். வேறு சொல் ஒன்று இருப்பதாகவே அவள் காட்டிக்கொண்டதில்லை.

விளக்கு விஷயம் பத்து நாளைக்கு முந்தியது. ஆஃப்ரினுக்கு வேலையே அதுதான். மலையில் புதிதாக முளைக்கிற காட்டேஜ்களுக்கும் ஹோம்ஸ்டேகளுக்கும் எந்த இடத்தில் என்ன விளக்கு என்று திட்டம் போட்டு மாட்டிக்கொடுப்பாள். போனில் அவள், “ஆறாயிரத்தைந்நூறு வேண்டாங்க, மூவாயிரம் போடுங்க, அதான் கதகதன்னு இருக்கும்” என்று சொல்வதைக் கேட்டு, அதெல்லாம் விலை என்றே ஷஹீதா ரொம்ப நாள் நினைத்திருந்தாள். சொந்த வீட்டுக்கும் மகள் மூவாயிரத்தை மாட்டியபோது, நமக்கு மட்டும் மட்டமான சரக்கா என்று மனத்தாங்கல் வேறு. அது வெளிச்சத்தின் நிறத்துக்கான எண், எண் ஏற ஏற வெளிச்சம் வெளுக்கும் என்று பிறகுதான் தெரிந்தது.

“நம்ம ஊடு பஸ் ஸ்டாண்டு மாதிரி இருக்குதும்மா. உக்காரவே தோணல” என்று சொல்லிவிட்டுத்தான் ஆஃப்ரின் டியூப்பைக் கழற்றினாள். சோபாவுக்குப் பக்கத்தில், தரையை ஒட்டி, துணிக்கூடு போட்ட விளக்கு ஒன்று. சுவரைப் பார்த்துத் திருப்பிய சின்ன பல்புகள் இரண்டு. ஓதுகிற கிதாபுகள் இருக்கும் அலமாரிக்குப் பின்னால், ஆள் கண்ணுக்குத் தெரியாமல், ஒரு விளக்குச் சரம். பல்பு கண்ணில் படக்கூடாது, வெளிச்சம் மட்டும்தான் படவேண்டும் என்பது அவளுடைய கணக்கு. அன்று சாயங்காலம் மூடுபனி வந்து ஜன்னலை அடைத்தபோது, வெடிப்பு விட்ட சுவரும் சாயம்போன சோபா உறையும் எங்கே போயின என்றே தெரியவில்லை. பத்து நிமிஷத்தில் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோகிற பக்கீர் முகமது ஒரு மணி நேரம் காலை நீட்டி உட்கார்ந்து, எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் ஒருத்தரைப் பற்றிக் கதை சொல்லிச் சிரித்தார். அவர் வீட்டில் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது. ஷஹீதாவுக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது.

அந்தச் சந்தோஷத்தோடு விட்டிருக்கலாம். விளக்குப் பக்கமாகத் திரும்பிய மகளின் முகம் அன்றைக்குப் பொன்னாக இருந்ததையும் ஷஹீதா பார்த்துத் தொலைத்தாள். அதிலிருந்துதான் பிடித்தது தொல்லை. இந்த வெளிச்சத்திலேயே பெண்ணைக் காட்டிவிட்டால் என்ன?

ஆனால் வருகிறவர்களும் பெண்கள்தானே. சேலத்துத் துணிக்கடைகளில் ஷஹீதாவைத் தெரியாத ஆளில்லை. கடைக்காரர் என்னதான் விளக்குக்கு அடியில் விரித்துக் காட்டினாலும், “வெளிச்சத்துல ஒருக்கா பாத்துக்கறனுங்க” என்று துணியைத் தூக்கிக்கொண்டு தெருவாசலுக்கு வந்துவிடுவாள். விரலால் தேய்ப்பாள், திருப்பிப் பார்ப்பாள். விளக்கு வெளிச்சத்தை நம்பி அவள் ஒரு ரவிக்கைத் துணிகூட எடுத்ததில்லை. தன்னைப்போலவே வருகிறவர்களும் இருந்தால்? மறைக்கிறோம் என்று நினைத்துவிட்டால்? அதற்காக டியூப்பை மாட்டினால் முதல் இடம் மாதிரி ஆகிவிட்டால்? இப்படியே அவள் நாற்காலியில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தாள்.

நாலரைக்கு, டியூப்பைக் கழற்றிக் கையில் வைத்திருக்கும்போது, குப்பாயி வந்தாள். பக்கத்துக் கிளியூரிலிருந்து விடியற்காலையில் பின்வாசலில் பால் ஊற்றிப் போகிறவள். விருந்தாளிகளுக்காக இன்றைக்கு ஒரு லிட்டர் அதிகம் கேட்டிருந்ததால் சாயங்காலமும் கேனோடு வந்திருந்தாள்.

“ஏனுங்க அம்மிணி, லோ வோல்டேஜுங்களா? எங்கூட்டுப் பக்கம் நல்லாத்தானுங்க எரியுது.”

பத்து நாளில் இதைக் கேட்ட ஆறாவது ஆள் அவள். மலையில் விளக்கு மஞ்சளாக எரிந்தால் உடனே ஃபிரிட்ஜை அணைக்கத்தான் ஓடுவார்கள்.

“வோல்டேஜெல்லாம் நல்லாத்தான் இருக்குது குப்பாயக்கா. பாப்பா போட்ட புது லைட்டு. இன்னைக்குப் பொண்ணு பாக்க வர்றாங்க.”

“அப்படிங்களா! அதானா மஞ்ச லைட்டு? நொம்ப நல்ல ரோசனைங்க. நம்ம பாப்பா இதுல ஒரு சுத்து வெளுப்பாத் தெரியும்.”

குப்பாயி மனசில் ஒன்றும் கிடையாது. பாலைக் கேனோடு வைத்துவிட்டு, கேனை அப்புறம் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று போய்விட்டாள். ஷஹீதா திரும்பினால், உள்ளறைத் திரைக்குப் பக்கத்தில் பாதி பின்னிய சடையோடு ஆஃப்ரின் நின்றிருந்தாள்.

“இதுக்குத்தான் காலைல இருந்து நாற்காலில ஏறி எறங்கறீங்களாம்மா?”

“இல்ல கண்ணு, வந்து...”

“நாம உக்கார்றதுக்குப் போட்ட லைட்டும்மா அது. என்னையக் காட்டறதுக்குப் போடல.”

கத்தியிருந்தால் ஷஹீதாவும் கத்தியிருப்பாள். மகள் கத்தவில்லை. உள்ளே போய் மிச்சச் சடையைப் பின்னினாள். ஷஹீதா அவள் பின்னாலேயே திரைவரை போனாள். அதற்குள் வாசலில் கார் ஹாரன் கேட்டது. டியூப்பை அவசரமாக பீரோவுக்குப் பின்னால் தள்ளினாள். நாற்காலியை எடுக்க மறந்துபோனாள்.

வந்தவர்கள் மூன்று பேர். மாப்பிள்ளையின் தாய் ருக்சானா, அவள் தங்கை, ருக்சானாவின் கணவர். மாப்பிள்ளை முபாரக் ஓசூரில் இன்ஜினியர். வீட்டுப் பெண்கள் பார்த்துச் சரியென்று சொன்ன பிறகுதான் அவன் வருவான். கடையைச் சீக்கிரம் பூட்டிவிட்டு வந்திருந்த பக்கீர் முகமது, சலாம் சொல்லி எல்லாரையும் உட்காரவைத்தார். ருக்சானா நல்ல மாதிரியாகத்தான் தெரிந்தாள். சால்வையைத் தளர்த்திவிட்டு சோபாவில் சாய்ந்தவள், “மலையேறி வந்த குளிருக்கு இங்க உக்காந்ததும் எவ்வளவு கதகதன்னு இருக்குதுங்க. எந்திரிக்கவே மனசு வராது போல” என்றாள்.

ஷஹீதாவுக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது.

ஆஃப்ரின் தேநீர்த் தட்டோடு வந்தாள். சலாம் சொன்னாள். ருக்சானா அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, என்ன படித்தாள், என்ன வேலை என்று கேட்டாள். பார்வை மட்டும் முகத்திலிருந்து கைக்கும், கையிலிருந்து கழுத்துக்கும் போய்வந்தது. பிறகு அது மெதுவாகச் சுவருக்கு ஏறியது. காலிப் பட்டி. அதற்கு நேர் கீழே நாற்காலி. நாற்காலிமேல் ஷஹீதாவின் பாதத்தடம்.

“டியூப கழட்டிட்டீங்களாட்ட இருக்குதுங்க?”

“அது... இந்த லைட்டே போதும்னுட்டு...” என்றாள் ஷஹீதா.

ருக்சானாவும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ருக்சானா சிரித்துக்கொண்டேதான் எழுந்தாள். எழும்போது ஆஃப்ரினின் மணிக்கட்டைப் பிடித்து அவளையும் எழுப்பினாள்.

“தப்பா நெனைக்காதீங்க. பாப்பாவ வாசலுக்குக் கூட்டிட்டுப் போய், வெளிச்சத்துல ஒருக்கா பாத்துக்கறனுங்க.”

ஒரு எழுத்து பிசகாமல் ஷஹீதாவின் வாக்கியம். எத்தனை கடை வாசலில், எத்தனை துணியைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னது.

ருக்சானா கதவைத் திறந்தாள். வெளியே வெளிச்சம் எங்கே இருந்தது? மூடுபனி படிக்கட்டுவரை ஏறி நின்றது. எதிர்வீட்டு மதில்கூடத் தெரியவில்லை. ருக்சானா விடவில்லை. இருந்த கொஞ்ச வெளிச்சத்துக்கு நேராக ஆஃப்ரினின் கையைத் திருப்பி, சட்டைக் கையை ஒரு சாண் மேலே தள்ளினாள். ஆஃப்ரின் கையை இழுத்துக்கொள்ளவில்லை. தலையைத் திருப்பித் தாயைப் பார்த்தாள்.

“விடுங்க” என்றாள் ஷஹீதா.

“ஏனுங்க?”

“எம்பொண்ணு கைய விடுங்க. துணியத்தான் வாசலுக்குக் கொண்டுபோய் பாக்கறது. நானும் அப்படித்தான் பாப்பேன். இவ துணியில்லீங்க.”

“நாங்க ஒன்னும் தப்பாக் கேக்கலீங்களே. டியூப கழட்டி வச்சிருக்கீங்க, எங்களுக்கும் சந்தேகம் வருமில்லைங்களா?”

பக்கீர் முகமது “ஷஹீதா” என்று மெல்லக் கூப்பிட்டார். அவள் கேட்கிற நிலையில் இல்லை.

“வரும். வரத்தான் செய்யும். கழட்டுனது நாந்தான், மாட்டுனது நாந்தான். காலைல இருந்து என் புத்திதான் அப்படிப் போச்சு, அவளுக்கு இதுல ஒரு பங்கும் இல்லைங்க.” மகளுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். “எம்பொண்ணு கருப்புங்க. எந்த லைட்டப் போட்டாலும் கருப்புதான். மாநிறம்னு எழுதுனதும் நாந்தானுங்க.”

இருபத்தேழு வருஷத்தில் அந்த வீட்டுக்குள் அவள் அந்தச் சொல்லைச் சொன்னது அன்றைக்குத்தான். ருக்சானா கையை விட்டாள். சண்டை எதுவும் நடக்கவில்லை. தேநீரைக் குடித்தார்கள். ஊட்ல கலந்து பேசிட்டுச் சொல்றோம் என்றார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். காரின் சிவப்பு விளக்குகள் வளைவு வருமுன்னே பனியில் காணாமல்போயின.

கேனுக்காகத் திரும்பி வந்த குப்பாயி, யார் முகமும் சரியில்லாததைப் பார்த்து வாசலிலேயே நின்றாள். ஷஹீதா பீரோவுக்குப் பின்னாலிருந்து டியூப்பை எடுத்துவந்து, கேனோடு சேர்த்து அவள் கையில் கொடுத்தாள்.

“எரியுதுங்களா அம்மிணி?”

“நொம்ப நல்லா எரியும். மாட்டுக்கொட்டாய்ல மாட்டிக்கங்க. மாடு ஒன்னும் நெனைக்காது.”

குப்பாயி ஒன்றும் புரியாமல் அதை வாங்கிக்கொண்டு போனாள். பக்கீர் முகமது சோபாவில் உட்கார்ந்து தன் முழங்கையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏன் ஷஹீதா, என்னைய மட்டும் நீ எந்த லைட்டுல பாத்த?”

“அன்னைக்கு எங்கூட்ல கரண்டே இல்லைங்க.”

அவர் சிரித்துவிட்டார். ஷஹீதாவுக்குச் சிரிப்பு வரவில்லை. மகளிடம் ஏதாவது சொல்லவேண்டும், எப்படிச் சொல்வதென்று தெரியாமல் தட்டை எடுத்தாள், வைத்தாள், திரையை இழுத்துவிட்டாள். ஆஃப்ரின் பட்டிக்குக் கீழே கிடந்த நாற்காலியை எடுத்து, பாதத்தடத்தைத் துப்பட்டாவால் துடைத்து, விளக்குப் பக்கத்தில் போட்டாள்.

“அம்மா, அத இன்னொருக்கா சொல்லுங்க.”

“எத கண்ணு?”

“அவங்ககிட்ட சொன்னீங்களே. நீங்க சொல்லி நான் கேட்டதே இல்ல. ஊர்ல எல்லாரும் சொல்லிட்டாங்க, நீங்க மட்டும் சொன்னதே இல்ல. நீங்க சொல்லக்கூட வெக்கப்படற அளவுக்கு என்னமோ ஒன்னு எங்கிட்ட இருக்குதுன்னுதான் நெனச்சிட்டிருந்தேன்.”

ஷஹீதா மகளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

“கருப்பு” என்றாள். பிறகு அன்றைக்கு முதல் தடவையாக அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.